எஞ்சின் ஓடியது, லைட் மட்டும் போனது: ஒரு 1954 புல்லட்டின் ஒயரிங்

பெரியப்பாவின் புல்லட் என் கைக்கு வந்தபோது கூடவே ஒரு வழக்கும் வந்தது. கோர்ட்டுக்குப் போகாத வழக்கு, குடும்பத்துக்குள்ளேயே நடந்து தீர்ப்பும் சொல்லப்பட்டுவிட்ட வழக்கு. 1979 மாசி மாதம் இருட்டிய பிறகு அணைக்கரையிலிருந்து கும்பகோணம் திரும்பும் வழியில், ரோட்டோரம் நின்றிருந்த வைக்கோல் வண்டியின் பின்னால் போய் பெரியப்பா மோதினார். பின்சீட்டில் அத்தை. பெரியப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அத்தைக்கு வலது கால் எலும்பு முறிந்து, சரியாகச் சேராமல், இன்றுவரை சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறார்.

பெரியப்பா சொன்னது ஒரே வாக்கியம். "வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே லைட் தானா அணைஞ்சுது." மாமா, அதாவது அத்தையின் கணவர், அதை நம்பவில்லை. அவர் தரப்பில் மூன்று வாதங்கள். லைட்டுக்குக் கரண்ட் போயிருந்தால் எஞ்சினும் நின்றிருக்க வேண்டும், ஆனால் மோதும்வரை எஞ்சின் ஓடியது. வண்டிக்காரர் ஹாரன் சத்தம் கேட்டதாகச் சொன்னார், அப்படியானால் பேட்டரியில் கரண்ட் இருந்திருக்கிறது. மூன்றாவதுதான் பலமானது. மறுநாள் காலை மாமாவே வந்து சுவிட்சைத் திருப்பிப் பார்த்தார். ஹெட்லைட் கண்ணாடி உடைந்திருந்தது, ஆனால் பல்பு எரிந்தது. ஆகவே பெரியப்பா லைட்டே போடாமல் வந்திருக்கிறார். பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக நிலா வெளிச்சத்தில் லைட்டை அணைத்துவிட்டு ஓட்டும் பழக்கம் அவருக்கு உண்டு என்பது ஊருக்கே தெரியும். அன்று நிலாவும் கிடையாது. தீர்ப்பு முடிந்தது. மாமா அதற்குப் பிறகு இருபத்தியேழு வருஷம் உயிரோடு இருந்தார். பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. வண்டி என்னிடம் வந்தது. கொல்லைப்புறக் கொட்டகையில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றது. எலி கடித்த ஒயர், உப்புப் பூத்த பேட்டரித் தட்டு, துருப்பிடித்த சைலன்சர். சென்னைக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, எனக்குத் தெரிந்த ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். "எல்லாத்தையும் பிச்சுப் போட்டுட்டு 12 வோல்ட் கிட் போட்டுடலாம் சார். ரெண்டே நாள் வேலை" என்றார். நியாயமான யோசனைதான். நான் வேண்டாம் என்றேன். அந்த ஒயரிங்கைப் பிய்த்துப் போட்டால் வழக்கில் இருக்கும் ஒரே ஆவணத்தையும் நானே கிழித்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். எனவே ஒவ்வொரு ஒயரையும் போட்டோ எடுத்து, சீட்டு ஒட்டி, நோட்டில் வரைந்துகொண்டே கழற்றினேன். நான்கு மாதம் ஆனது.

முதலில் வண்டியைப் பற்றி. இது இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் செய்யப்பட்ட 1954 மாடல், 350 சிசி. மெட்ராஸ் மோட்டார்ஸ் அப்போது ராயல் என்ஃபீல்டை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 800 புல்லட்டுகள் வாங்கிய கதையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஆர்டரின் தொடர்ச்சியாகத்தான் 1955 இல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி உருவானது, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. முதலில் ரெட்டிச்சிலிருந்து உதிரிப் பாகங்களாக வந்து இங்கே கோக்கப்பட்டன, பிறகு படிப்படியாக எல்லாமே இங்கேயே செய்யப்பட்டன. ரெட்டிச் தொழிற்சாலை 1967 இல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் இருந்தது மட்டும் நிற்காமல் ஓடியது.

இதில் நம் வழக்குக்குத் தேவையான ஒரு விஷயம் இருக்கிறது. நம் ஊரில் "பழைய புல்லட்" என்றால் எல்லோர் மனதிலும் வருவது திருவொற்றியூர் புல்லட். அதில் மின்சாரத்துக்கு ஆல்டர்னேட்டர், ஸ்பார்க்குக்கு பேட்டரியும் இக்னிஷன் காயிலும். பேட்டரியிலிருந்து வரும் ஒயர் அறுந்தால் லைட்டும் போகும், எஞ்சினும் நிற்கும். மாமாவிடம் இருந்தது ஒரு அம்பாசடர். அதுவும் காயில் இக்னிஷன்தான். ஆகவே மாமாவின் முதல் வாதம் அவர் அனுபவத்தில் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பெரியப்பாவின் வண்டி அந்த இனமே இல்லை. அதன் எஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது லூகாஸ் மேக்டைனோ.

மேக்டைனோ என்பது இரண்டு எந்திரங்கள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறியிருப்பது. கீழே மேக்னெட்டோ, மேலே டைனமோ. ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள ஒரு நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினின் பழைய தலைவலி ஸ்பார்க். ஆரம்பத்தில் பேட்டரி, காயில் வைத்து ஓட்டினார்கள். ஆனால் சார்ஜ் செய்ய வண்டியில் டைனமோ இல்லை. பேட்டரி தீர்ந்தால் தள்ள வேண்டியதுதான். ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் ராபர்ட் பாஷ் இதற்கு வேறு வழி கண்டார். காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு காயிலைச் சுழற்றினால் அதிலேயே மின்சாரம் பிறக்கும், பேட்டரியே வேண்டாம். 1902 வாக்கில் அவரிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட் என்ற பொறியாளர் உயரழுத்த மேக்னெட்டோவைச் செய்து முடித்தார். ஆர்மேச்சரில் இரண்டு சுற்று. தடித்த கம்பியில் சில சுற்றுகள், அதன் மேல் தலைமுடி மாதிரியான கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள். மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் பாயிண்ட் திறக்கும். முதல் சுற்றில் ஓட்டம் பொசுக்கென்று நிற்கும், இரண்டாவதில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும், பிளக்கில் பொறி. எஞ்சின் சுழலும்வரை பொறி இருக்கும்.

1914 க்கு முன் பிரிட்டனில் ஓடிய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருந்தது பாஷ் மேக்னெட்டோதான். போர் வந்தது. ராணுவ லாரிக்கும் விமானத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்பார்க் கொடுக்கும் பொருள் எதிரி நாட்டிலிருந்து வந்தாக வேண்டிய நிலை. பிரிட்டிஷ் கம்பெனிகள் அவசரமாக மேக்னெட்டோ செய்ய இறங்கின. பர்மிங்காமில் சைக்கிள் விளக்குக்குப் பேர்போன ஜோசப் லூகாஸ் கம்பெனி, அந்த 1914 லேயே தாம்சன்-பென்னட் என்ற மேக்னெட்டோ கம்பெனியை வாங்கிப் போட்டது. தள்ளுவண்டியில் பாரஃபின் எண்ணெய் விற்று வாழ்க்கையைத் தொடங்கிய ஒருவரின் பெயரிலான கம்பெனி, இப்படித்தான் எஞ்சினுக்குள் நுழைந்தது.

அதுவரை மோட்டார் சைக்கிளில் ஸ்பார்க் மின்சாரம், வெளிச்சம் வாயு. கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டவிட்டு அசெட்டிலின் எரிப்பார்கள். நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் ஒருகாலத்தில் நாற்றத்தோடு எரிந்த அதே கார்பைடு விளக்கு, ஹேண்டில்பாரில் மாட்டப்பட்டிருந்தது. எஞ்சினுக்கும் விளக்குக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது. 1920களில் மின் விளக்கு கேட்டு ஆட்கள் வந்தபோது, ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் மேக்னெட்டோவின் முதுகில் ஒரு டைனமோவைக் கட்டி, பல்சக்கரம் வைத்து ஓட்டிவிட்டது லூகாஸ். உருவத்தில் ஒன்று. ஆனால் மின்சார ரீதியில் மேக்னெட்டோ தனிக்குடித்தனம், டைனமோ தனிக்குடித்தனம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு ஒயர்கூடப் போகாது.

நான் இதை எழுதுவதற்கு முன் செய்தும் பார்த்தேன். எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியை அப்படியே வெளியே எடுத்துவிட்டேன். டைனமோவின் இரண்டு ஒயரையும் கழற்றியே வைத்திருந்தேன். வண்டியில் ஒரு சொட்டு வெளிச்சத்துக்கு வழியில்லை. எஞ்சின் டுப்பு டுப்பு என்று தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் முதல் வாதம் அங்கே விழுந்தது. பார்ப்பதற்கு மாமாதான் இல்லை.

மேக்னெட்டோ அவ்வளவு சுலபமாக உயிர்பெறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த நிலையில் நாலு உதையில் ஸ்டார்ட் ஆகும். பத்து நிமிஷம் ஓடி சூடேறி நின்றால் நாற்பது உதைக்கும் அசையாது. பழைய மேக்னெட்டோ வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த வியாதிதான் இது. பாயிண்டுக்கு இணையாக இருக்கும் கண்டென்சர், ஆர்மேச்சருக்குள்ளேயே புதைந்திருக்கும். அறுபது எழுபது வருஷத்தில் அதன் உள்தாள் ஈரம் இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். சூடானால் கசிவு அதிகம். ஆர்மேச்சரைப் பிரித்து, காயில் கட்டுபவரிடம் கொடுத்து, புதிய கண்டென்சரோடு சுற்றி வாங்கினேன். பாயிண்ட் இடைவெளி 12 தௌ. அதற்குப் பிறகு அது என்னைத் தொந்தரவு செய்யவில்லை.

தொந்தரவு செய்தது டைனமோ. இல்லை, நான்தான் அதைத் தொந்தரவு செய்தேன்.

இந்த டைனமோ ஈ3எல் என்ற வகை. 6 வோல்ட், 60 வாட், இரண்டு கார்பன் பிரஷ். சோதிப்பது எளிது. டி, எஃப் என்ற இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்து, அதற்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே மீட்டரை வைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட வேண்டும். வோல்டேஜ் ஏறினால் டைனமோ நன்றாக இருக்கிறது. ஏறியது. மீட்டரில் எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி இருந்தது. மீட்டர் குச்சிகளை மாற்றிப் பிடித்துவிட்டேன் போல என்று நினைத்து, இரண்டையும் இடம் மாற்றினேன். மைனஸ் போனது. திருப்தியாக அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். பகலெல்லாம் புரோகிராமில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிற ஆள், எர்ரர் மெசேஜை அழித்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று சொன்ன கதை இது.

புதுப் பேட்டரியை, இன்றைய எல்லா வண்டிகளையும் போல, நெகட்டிவை உடம்போடு சேர்த்து மாட்டினேன். ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ஆக்சிலேட்டரைத் திருகியதும் ஆம்ப் மீட்டர் முள் ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ரெகுலேட்டரிலிருந்து புகை. பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தேன், கை சுட்டது. திறந்து பார்த்தால் கட்அவுட்டின் இரண்டு காண்டாக்டும் பற்றவைத்த மாதிரி ஒட்டியிருந்தன.

என்ன நடந்தது? அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். 1930களின் நடுவிலிருந்து கார்களில் அது பரவியது. பிளக்கின் நடுமுனை நெகட்டிவாக இருந்தால் பொறி பறக்கக் கொஞ்சம் குறைந்த வோல்டேஜ் போதும் என்பதும், பேட்டரி முனை அரிப்பு குறையும் என்பதும் சொல்லப்பட்ட காரணங்கள். டிரான்சிஸ்டரும் டயோடும் வந்தபிறகு, 1960களின் பிற்பகுதியில், உலகம் மறுபடி நெகட்டிவ் எர்த்துக்கே திரும்பிவிட்டது. டைனமோவுக்கு எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்பது ஒயரில் எழுதப்பட்டிருக்காது. அதன் இரும்பில் மிச்சமிருக்கும் சிறிதளவு காந்தம்தான் அதைத் தீர்மானிக்கிறது. பெரியப்பா கடைசியாக ஓட்டிய நாளில் இருந்த திசையை அந்த இரும்பு முப்பது வருஷம் கொட்டகையில் மறக்காமல் வைத்திருந்தது. நான் பேட்டரியை எதிர்த் திசையில் மாட்டியதால், கட்அவுட் மூடிய கணத்தில் டைனமோவும் பேட்டரியும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்காமல் ஒன்றோடொன்று கூடிக்கொண்டன. தடுக்க ஆளில்லாத மின்னோட்டம். இந்த வண்டியில் ஃபியூஸும் கிடையாது.

ரெகுலேட்டரைப் பழுது பார்த்தேன். பேட்டரியைச் சரியான திசையில், பாசிட்டிவை எர்த்தாக மாட்டினேன். எஃப் முனையை பேட்டரியின் நெகட்டிவோடு ஒரு நொடி தொட்டு எடுத்தேன், தப்பான மின்னோட்டத்தில் காந்தம் குழம்பியிருந்தால் சரியாகட்டும் என்று. அதற்குப் பிறகு ஆம்ப் மீட்டர் ஒழுங்காக சார்ஜ் பக்கம் சாய்ந்தது.

லூகாஸை "இருட்டின் இளவரசன்" என்று கிண்டல் செய்வது ஆங்கிலேயர்களின் பழைய பொழுதுபோக்கு. லூகாஸ் சுவிட்சுக்கு மூன்று நிலை, அணைவது, மங்குவது, சிமிட்டுவது என்பார்கள். பிரிட்டிஷ்காரர்கள் பீரைச் சூடாகக் குடிப்பது ஏன், அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் லூகாஸ் செய்தது என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். நான்கு மாதம் இந்த ஒயர்களோடு கிடந்தபின் சிரிப்பு குறைந்துவிட்டது. நான் கண்ட பிழைகளில் அநேகமாக எல்லாமே பின்னால் வந்த கைகளின் வேலை. என் கை உட்பட. மீதி, 6 வோல்ட்டின் கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். 30 வாட் பல்பு 6 வோல்ட்டில் 5 ஆம்ப் இழுக்கும். வழியில் ஒரு துருப்பிடித்த எர்த், ஒரு லூஸ் காண்டாக்ட், சேர்த்து 0.12 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 0.6 வோல்ட் அங்கேயே போய்விடும். பத்தில் ஒரு பங்கு இழப்பு. ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜைவிட வேகமாக விழும். பத்து சதம் வோல்டேஜ் குறைந்தால் ஏறத்தாழ முப்பது சதம் வெளிச்சம் போச்சு. இதே துரு, இதே லூஸ் 12 வோல்ட் வண்டியில் இருந்தால் ஓடுவது 2.5 ஆம்ப், இழப்பு 0.3 வோல்ட், அதாவது இரண்டரை சதம். யாருக்கும் தெரியாது. பின்னாளில் எல்லோரும் 12 வோல்ட்டுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். 6 வோல்ட் வண்டியில் ஒவ்வொரு இணைப்பும் சுத்தமாக இருந்தாக வேண்டும், மன்னிப்பே கிடையாது. நம் மழையிலும் தூசியிலும் அது எத்தனை நாளைக்கு நடக்கும்?

இனி வழக்குக்கு வருகிறேன்.

புல்லட்டின் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், ஆம்ப் மீட்டர் எல்லாம் ஒரே வார்ப்புக் கூட்டுக்குள், இரு ஓரத்திலும் புலிக்கண் மாதிரி இரண்டு சின்ன விளக்குகள். காஸ்கெட் என்று பெயர். 1954 மாடலில்தான் அது வந்தது. இன்றைய புல்லட் வரைக்கும் அந்த முகம் மாறவில்லை. அதற்குள் ஒயர்கள் செல்லும் வழி இது. பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் ஆம்ப் மீட்டரின் ஒரு முனைக்கு வருகிறது. அதே முனையிலிருந்து ஹாரனுக்கு ஒரு ஒயர் பிரிகிறது. ஆம்ப் மீட்டரின் மறுமுனையிலிருந்து ஒற்றை ஒயர் லைட் சுவிட்சுக்குப் போகிறது. ஹெட்லைட், டெயில் லைட், புலிக்கண் எல்லாம் சுவிட்சுக்கு அப்பால்.

நோட்டில் வரைந்த படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு ராத்திரியில் எனக்கு உறைத்தது. எஞ்சின் ஓடியது, சரி, அது மேக்னெட்டோ. ஹாரன் அடித்தது, அப்படியானால் பேட்டரி முதல் ஆம்ப் மீட்டர் வரை கரண்ட் இருந்தது. எல்லா லைட்டும் ஒரே நேரத்தில் போனது என்று பெரியப்பா சொன்னது உண்மையானால், பிழை இருக்கக்கூடிய இடம் மிகச் சின்னது. ஆம்ப் மீட்டரிலிருந்து சுவிட்ச் வரைக்குமான ஒயர், ஒரு சாண் நீளம்கூட இல்லை, அல்லது அந்தச் சுவிட்ச். ஹாரன் சத்தத்தை மாமா பெரியப்பாவுக்கு எதிரான சாட்சியாக வைத்தார். அது பிழை எங்கே என்று சுட்டிக்காட்டும் சாட்சி.

காஸ்கெட்டைத் திறந்தேன். உள்ளே ஒரிஜினல் ஒயர்கள் ரப்பர் மேல் பருத்தி நூல் பின்னியவை. அந்த ஒரு ஒயர் மட்டும் பாதியில் வெட்டப்பட்டு, மூன்று அங்குலச் சிவப்பு பிளாஸ்டிக் ஒயர் முறுக்கிச் சேர்க்கப்பட்டிருந்தது. ஈயம் வைக்கவில்லை. மேலே கறுப்புத் துணி டேப். டேப்பைப் பிரித்தால் செம்பு இழைகள் கருத்து, பிளாஸ்டிக் உருகிச் சுருங்கியிருந்தது. பிரிப்பதற்கு முன்பே ஒன்று செய்திருந்தேன். லைட்டைப் போட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவர் பிடியால் காஸ்கெட்டைத் தட்டினேன். எல்லா லைட்டும் அணைந்தன. மறுபடி தட்டினேன், எரிந்தன. ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு தட்டாததையா நான் தட்டினேன்? மாமாவின் மூன்றாவது வாதத்துக்கும் இதுவே பதில். வைக்கோல் வண்டியில் மோதிய அதிர்ச்சியில் அந்த முறுக்கு மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கலாம், மறுநாள் காலை லைட் எரிந்திருக்கலாம்.

"லாம்" என்று எழுதக் காரணம் இருக்கிறது. அந்த முறுக்கு விபத்துக்கு முன்பே இருந்ததா? விபத்துக்குப் பிறகு ஹெட்லைட்டைச் சரி செய்தவர் போட்டதாகவும் இருக்கலாமே? அப்படியானால் நான் கண்டது ஒன்றுமே இல்லை. இந்தக் கேள்வி என்னை ஒரு மாதம் தூங்கவிடவில்லை.

பெரியப்பா செலவு நோட்டு எழுதுபவர். காலணா கணக்கும் விடமாட்டார். கும்பகோணம் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய நோட்டுகள். 1978 ஐப்பசியில் ஒரு வரி: "புல்லட் ஆம்ப் மீட்டர் புதிசு, கூலி உள்பட." விபத்துக்குப் பின், 1979 பங்குனியில்: "கண்ணாடி, ரிம், முன் மட்கார்டு தட்டிய கூலி." ஒயரிங் பற்றி அதில் ஏதும் இல்லை. அதற்குப் பின் வண்டியை நிறுத்தும்வரை ஆம்ப் மீட்டர் என்ற சொல்லே நோட்டில் வரவில்லை.

இப்போது வண்டியில் இருக்கும் ஆம்ப் மீட்டர் லூகாஸ் இல்லை. இங்கே செய்தது, அதன் முனைகள் தடிமன். பழைய ஒயரின் நுனியில் இருந்த சின்னக் கண்ணி அந்த முனையில் நுழையாது. நுழைத்துப் பார்த்தேன். ஆகவே அதை மாட்டியவர் கண்ணியை வெட்டித்தான் ஆக வேண்டும், வெட்டினால் ஒயர் எட்டாது, ஒட்டுப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஒட்டு ஆம்ப் மீட்டரோடு வந்தது என்றால், அது 1978 ஐப்பசி. விபத்துக்கு நாலு மாசம் முன்னால். நோட்டில் எழுதாமல் யாராவது பின்னால் செய்திருந்தால் என் கட்டடம் சரியும். ஆனால் பெரியப்பா எழுதாமல் விட்டார் என்று நினைக்க அவரை அறிந்த யாருக்கும் மனம் வராது. ஆராய்ச்சிக் கட்டுரை என்றால் "பெரும்பாலும்" என்று போட்டு நிறுத்திக்கொள்வேன். இங்கேயும் அதையே போடுகிறேன்.

போன பொங்கலுக்கு அத்தையைப் பார்க்கப் போனேன். எண்பத்திரண்டு வயது. மேக்னெட்டோ, ஆம்ப் மீட்டர், செலவு நோட்டு எல்லாவற்றையும் சொன்னேன், போனில் போட்டோக்களையும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இதுக்கா நாலு மாசம் குந்திக்கிட்டு இருந்தே? லைட் எரிஞ்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? நான்தானே பின்னாடி உக்காந்திருந்தேன். அண்ணன் தோள் மேல எட்டிப் பாத்துக்கிட்டே வந்தேன். நல்லா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. படக்குனு இருட்டு."

"யார்கிட்டயும் சொல்லலையா அத்தை?"

"சொன்னேனே. ஆஸ்பத்திரியிலேயே சொன்னேன். உனக்கு எலக்ட்ரிக்கப் பத்தி என்ன தெரியும்னு உங்க மாமா கேட்டாங்க. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"

என்னிடமும் யாரும் அத்தையைக் கேட்கச் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பரண் வரை ஏறியவன் அடுத்த தெருவில் இருந்த சாட்சியிடம் கடைசியாகத்தான் போனேன்.

கிளம்பும்போது வண்டி இப்போது ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். ஒரு தடவை எடுத்துக்கொண்டு வா, ஏறி உட்கார முடியாது, பார்க்கிறேன் என்றார். சித்திரையில் லாரியில் ஏற்றாமல் ஓட்டிக்கொண்டே போவதாக உத்தேசம். ஆம்ப் மீட்டரிலிருந்து சுவிட்சுக்குப் புது ஒயர், இரு முனையிலும் ஈயம் வைத்து அடித்த கண்ணி. பேட்டரிக்குப் பக்கத்தில் 15 ஆம்ப் ஃபியூஸ் ஒன்று சேர்த்திருக்கிறேன், ஒரிஜினலில் இல்லாதது, அதற்காக என்னை யாரும் திட்ட வேண்டாம். இடது புலிக்கண் மட்டும் இன்னும் எரியவில்லை. ஹோல்டரில் எர்த் கிடைக்கவில்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்க்க வேண்டும்.